அச்சுக்கே போகாத மசோதா: அயர்லாந்து மேலவையில் மேரி ராபின்சன்

ஒரு உறுப்பினர் அவையில் ஒழுங்காக வேலை செய்தாரா என்று பார்க்க நாம் எண்ணுவது வழக்கமாக மூன்று விஷயம்: எத்தனை நாள் வந்தார், எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை விவாதத்தில் பேசினார். இந்தக் கணக்கில் பார்த்தால் கருத்தடைப் பொருள் விற்பனைக்கு இருந்த தடையை நீக்கச் சொல்லி 1971இல் அயர்லாந்து மேலவையில் மேரி ராபின்சன் கொண்டுவந்த மசோதாவுக்கு மதிப்பெண் பூஜ்யம். அது சட்டமாகவில்லை. சட்டமாகாதது கிடக்கட்டும், முறையான விவாதத்துக்கே வரவில்லை. அதுவும் கிடக்கட்டும், அந்த மசோதாவை அச்சடித்து உறுப்பினர்கள் கையில் கொடுப்பதற்கே அவை சம்மதிக்கவில்லை. ஆனாலும், அந்த நாட்டில் எதிர்வரிசையில் உட்கார்ந்த ஒரு செனட்டர் என்ன சாதிக்க முடியும் என்று யாராவது கேட்டால் நான் எடுத்துக் காட்டுவது இந்தத் தோல்வியைத்தான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

முதலில் அந்த அவை. அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவை டாயில், மேலவை ஷானட், பிரதமருக்கு டீஷக் என்று பெயர். எல்லாம் ஐரிஷ் மொழிச் சொற்கள், எழுத்தைப் பார்த்து உச்சரித்தால் நிச்சயம் தப்பாகத்தான் வரும். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு அயர்லாந்து என்றதுமே இரண்டு வரி ஞாபகம் வரும்: அரசுக் கொள்கைக்கான வழிகாட்டு நெறிமுறைகள் அங்கிருந்து வந்தவை, மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் உறுப்பினர்களை நியமிக்கும் முறையும் அங்கிருந்து வந்தது. அந்த இரண்டாவது வரியில் வரும் அவைதான் இது.

மொத்தம் 60 பேர். அதில் 43 பேரைத் தொழில்வாரிக் குழுக்கள் என்ற பெயரில் தேர்ந்தெடுக்கிறார்கள். விவசாயம், தொழிலாளர், கல்வி என்றெல்லாம் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஓட்டுப் போடுவது டாயில் உறுப்பினர்களும் செனட்டர்களும் உள்ளாட்சிக் கவுன்சிலர்களும், ஆகவே உள்ளே வருவது கட்சிக்காரர்கள்தான். 11 பேரை டீஷக் நேரடியாக நியமிப்பார். அந்தப் பதினோரு பேரால்தான் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்கு மேலவையிலும் பெரும்பான்மை அமைந்துவிடுகிறது. மிச்சம் 6 பேர் பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் பிரதிநிதிகள். அந்தக் காலத்தில் டப்ளின் டிரினிடி கல்லூரிக்கு 3, தேசியப் பல்கலைக்கழகத்துக்கு 3. கட்சி கொறடாவுக்குப் பயப்படாத ஆட்கள் இருந்தால் பெரும்பாலும் இந்த ஆறு நாற்காலியில்தான் இருப்பார்கள்.

அதிகாரம் என்று பார்த்தால் சொற்பம். டாயில் நிறைவேற்றிய மசோதாவை ஷானட் 90 நாள் தாமதிக்கலாம், பண மசோதா என்றால் 21 நாள். தடுக்க முடியாது. இந்த அவை எதற்கு, கலைத்துவிடலாமே என்று 2013 அக்டோபரில் மக்களிடமே பொதுவாக்கெடுப்பு நடத்திக் கேட்டார்கள், 51.7 சதவீதம் பேர் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். அவ்வளவு நூலிழையில் தொங்கும் அவை. இதில் சுயேச்சையாக, ஆளுங்கட்சிக்கு எதிரே, இருபதுகளில் இருக்கும் ஒரு பெண் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

மேரி போர்க் (ராபின்சன் என்பது கல்யாணத்துக்கு அப்புறம் வந்த பெயர்) 1944இல் மேயோ மாவட்டத்து பாலினா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா அம்மா இரண்டு பேருமே டாக்டர்கள், நல்ல கத்தோலிக்கக் குடும்பம். சட்டம் படிக்க டிரினிடிக்குப் போனார். அந்தக் காலத்தில் அது அவ்வளவு சுலபமான முடிவு இல்லை. டிரினிடி புராட்டஸ்டன்ட் கல்லூரி என்பதால் கத்தோலிக்கர் அங்கே சேர டப்ளின் பேராயர் ஜான் சார்லஸ் மக்குவேய்டிடம் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். வாங்கித்தான் சேர்ந்தார். பேராயர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். 1967இல் கல்லூரிச் சட்டச் சங்கத்தில் சட்டமும் ஒழுக்கமும் பற்றி ஒரு உரை நிகழ்த்தினார்: விவாகரத்துக்கு அரசியலமைப்பில் தடை இருக்கக் கூடாது, கருத்தடை குற்றமாக இருக்கக் கூடாது, ஓரினச் சேர்க்கை குற்றமாக இருக்கக் கூடாது, தற்கொலை முயற்சி குற்றமாக இருக்கக் கூடாது. அடுத்த முப்பது வருஷத்துக்கு அந்த நாடு சண்டை போட்ட பட்டியல் ஏறக்குறைய முழுதும் அந்த ஒரு மாணவர் கூட்டத்து உரையில் இருக்கிறது. அப்புறம் ஹார்வர்டில் முதுகலை, 1969இல் டிரினிடியிலேயே சட்டப் பேராசிரியர், அதே வருஷம் டிரினிடி தொகுதியிலிருந்து செனட்டர். வயது 25.

இனி சட்டம். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அந்த மசோதா எதற்கு என்றே புரியாது.

1935இல் நிறைவேறிய குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம், 17ஆவது பிரிவு. கருத்தடைப் பொருள் எதையும் விற்கக் கூடாது, விற்பதற்காக வைத்திருக்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, இறக்குமதி செய்யக் கூடாது. இதற்கும் முன்னால், 1929இன் தணிக்கைச் சட்டப்படி, கருத்தடையைப் பரிந்துரைக்கும் எழுத்தையே அச்சிடக் கூடாது. ஆனால் கவனியுங்கள், கருத்தடை செய்வது குற்றம் இல்லை. கையில் வைத்திருப்பது குற்றம் இல்லை. வாங்கத்தான் வழி இல்லை. சாப்பிடலாம், ஆனால் கடையில் அரிசி விற்கக் கூடாது என்கிற மாதிரி.

இப்படி ஒரு சட்டம் இருந்தால் மக்கள் சந்து கண்டுபிடிப்பார்கள் இல்லையா, கண்டுபிடித்தார்கள். 1960களில் கருத்தடை மாத்திரை வந்தபோது அதை மாதவிடாய்ச் சுழற்சியைச் சீராக்கும் மருந்து என்று சொல்லி டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நாட்டில் திடீரென்று அத்தனை பெண்களுக்குச் சுழற்சி கெட்டுப்போனது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. 1969இல் டப்ளின் மெரியன் சதுக்கத்தில் சில டாக்டர்கள் சேர்ந்து ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு நிலையம் திறந்தார்கள். விற்றால்தானே குற்றம், இவர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள், வந்தவர்கள் நன்கொடை கொடுத்துவிட்டுப் போனார்கள். கண் எதிரே நடக்கிறது, எல்லாருக்கும் தெரியும், யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. டப்ளினில் படித்தவர்களுக்கும் வசதி உள்ளவர்களுக்கும் இந்தச் சந்து பொந்துகள் தெரிந்திருந்தன. மேற்குப் பக்கத்துக் கிராமத்தில் ஏழாவது பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தவளுக்குத் தெரிந்திருக்காது.

ராபின்சன் எடுத்தது இதைத்தான். 17ஆவது பிரிவின் தடையை எடு, தணிக்கைச் சட்டத்தில் கருத்தடை பற்றிய சொற்களை எடு. சின்ன மசோதா. அவரோடு கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர்: ஜான் ஹோர்கன், பத்திரிகையாளர், தேசியப் பல்கலைக்கழகச் செனட்டர்; டிரெவர் வெஸ்ட், டிரினிடியில் கணித ஆசிரியர். வெஸ்ட் அவைக்கு வந்ததே 1970 இடைத்தேர்தலில். இறந்துபோன ஓவன் ஷீஹி ஸ்கெஃபிங்டனின் இடம் அது. ஷீஹி ஸ்கெஃபிங்டன் 1950களில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை அடிப்பதைப் பற்றி அதே அவையில் தனி ஆளாக விடாமல் பேசி எல்லாரிடமும் திட்டு வாங்கியவர். அந்த நாற்காலிக்கு அப்படி ஒரு பரம்பரை உண்டு.

மூன்று பேரும் சுயேச்சைகள். ஆட்சியில் இருந்தது ஜாக் லிஞ்ச் தலைமையில் ஃபியானா ஃபோயில் கட்சி.

இப்போது நடைமுறை. ஒரு தனி உறுப்பினர் மசோதா கொண்டுவர வேண்டுமென்றால் முதலில் அவையின் அனுமதி வேண்டும். இதுதான் முதல் கட்டம், முதல் வாசிப்பு என்பார்கள். இந்தக் கட்டத்தில் மசோதா நல்லதா கெட்டதா என்ற பேச்சு கிடையாது; கொண்டுவரட்டுமா என்று கேட்பார்கள், சரி என்பார்கள், உடனே அச்சுக்குப் போகும், அப்புறம் இரண்டாம் வாசிப்பில்தான் சண்டை. பெரும்பாலும் யாரும் முதல் கட்டத்தில் எதிர்ப்பதில்லை, அது அவை மரியாதை மாதிரி. எதிர்த்தால், கொண்டுவருபவர் சுருக்கமாக ஒரு விளக்கம் சொல்லலாம், எதிர்ப்பவர் சுருக்கமாகப் பதில் சொல்லலாம், நேரே வாக்கெடுப்பு.

அரசு முதலில் வாக்கெடுப்புக்குக்கூட வரவில்லை. மசோதா நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியாக உட்கார்ந்திருந்தது, எடுக்கவே இல்லை. அங்கே அவை கூடும் ஒவ்வொரு நாளும் முதல் வேலை, அன்று எந்தெந்த விஷயம் எடுக்கப்படும் என்று அவை முன்னவர் வாசிப்பது. அப்போது உறுப்பினர்கள் எழுந்து கேட்கலாம், இது எப்போது வரும் என்று. ராபின்சனும் அவர் கூட்டாளிகளும் எழுந்து கேட்டார்கள். இன்று இல்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எழுந்து கேட்டார்கள். இன்று இல்லை. 1971 வசந்தம் முழுக்க இந்தக் கூத்து. அரசுக்கு ஆம் என்று சொல்லவும் தைரியம் இல்லை, இல்லை என்று சொல்லவும் தைரியம் இல்லை.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். பொதுவாக ராபின்சன் என்றால் பெரிய பேச்சாளர், சட்ட நிபுணர் என்ற படம் மனதில் இருக்கும், ஆகவே இந்த மசோதாவைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் தேடுவது அந்தப் பெரிய பேச்சைத்தான். இந்தக் கட்டத்தில் அப்படி ஒன்று இல்லை, இருக்கவும் முடியாது. மசோதாவின் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசவே நடைமுறையில் இடம் இல்லை. இருந்தது ஒரே கேள்வி, எப்போது எடுப்பீர்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறபோது ஒரு விசித்திரம் நடக்கிறது: அவை முன்னவர் ஒவ்வொரு முறை மழுப்பும்போதும் அந்த மழுப்பல் அவைக்குறிப்பில் ஏறுகிறது, மறுநாள் பத்திரிகையில் வருகிறது. நாற்பது வருஷமாக யாரும் பெயர் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தை அரசு வாரா வாரம் தன் வாயாலேயே ஒத்திப்போட வேண்டியிருக்கிறது. ஒரு எதிர்வரிசைச் செனட்டர் ஆளுங்கட்சியை இதைவிட மலிவாகச் சங்கடப்படுத்த முடியாது.

வெளியே என்ன நடந்தது என்றால், பேராயர் மக்குவேய்ட் திரும்ப வந்தார். 1971 மார்ச்சில் அவர் எழுதிய சுற்றுமடல் டப்ளின் உயர்மறைமாவட்டத்துக் கோயில்களில் எல்லாம் ஞாயிறு பூசையில் வாசிக்கப்பட்டது. அப்படி ஒரு சட்டம் வந்தால் அது நம் நாட்டின் மேல் விழும் சாபம், சாபமாகவே நிலைத்திருக்கும் என்றது மடல். யோசித்துப் பாருங்கள், அவை அச்சடிக்கவே அனுமதிக்காத ஒரு மசோதா, அதை எந்த உறுப்பினரும் அவையில் வாதாடிக் காட்டக்கூட வாய்ப்பு வரவில்லை, ஆனால் அதற்கான பதில் மட்டும் அத்தனை கோயில்களிலும் ஒலித்துவிட்டது.

பாலினா கோயிலிலும் ஆயர் இதைக் கண்டித்துப் பேசினார். ராபின்சனின் பெற்றோர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வெளியே போனார்கள். பாலினா மாதிரி ஒரு சின்ன ஊரில், எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், இரண்டு டாக்டர்கள் நடுப் பூசையில் எழுந்து போவது என்றால் என்ன என்று கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் இதே பெற்றோர், மகள் ஒரு புராட்டஸ்டன்ட் பையனை மணந்தபோது, அதாவது வெறும் மூன்று மாதம் முன்பு, 1970 டிசம்பரில், கல்யாணத்துக்கே வரவில்லை.

அப்புறம் கடிதங்கள். வசைக் கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்தன. அவற்றைப் படித்து மனம் நொந்துபோன மனைவியைப் பார்த்து, கணவர் நிக் ராபின்சன் எல்லாவற்றையும் எரித்துவிட்டார். நல்ல மனசோடு செய்த காரியம்தான், ஆனால் எரித்திருக்கக் கூடாது என்று ராபின்சன் பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. அவைக்குறிப்பு பத்திரமாக இருக்கிறது, பேராயரின் மடல் இருக்கிறது, அந்த நாட்டின் சாதாரண ஜனங்கள் கோபத்தில் என்ன எழுதினார்கள் என்பது மட்டும் அடுப்பில் போய்விட்டது.

மே 22ஆம் தேதி இன்னொன்று நடந்தது. ஐரிஷ் பெண்கள் விடுதலை இயக்கத்துப் பெண்கள் டப்ளினில் ரயிலேறி பெல்ஃபாஸ்ட் போனார்கள். அது பிரிட்டனின் ஆட்சிப் பகுதி, அங்கே கருத்தடைப் பொருள் கடையில் கிடைக்கும். வாங்கிக்கொண்டு திரும்பி வந்து சுங்க அதிகாரிகள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்கள், பிடிக்க முடிந்தால் பிடி என்று. மாத்திரை வாங்க மருந்துச் சீட்டு வேண்டும் என்பது பெல்ஃபாஸ்ட் போன பிறகுதான் தெரிந்தது, ஆகவே ஆஸ்பிரின் மாத்திரைகளை வாங்கி அதைத்தான் கருத்தடை மாத்திரை என்று காட்டினார்கள். சுங்க அதிகாரிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை, கண்டுகொள்ளவும் இல்லை, விட்டுவிட்டார்கள். ராபின்சன் அந்த ரயிலில் இல்லை. அவருடைய வழி வேறு, கோட்டு போட்ட வழி. ஆனால் ரயில் இல்லாமல் மசோதாவுக்கு அவ்வளவு வெளிச்சம் கிடைத்திருக்காது, மசோதா இல்லாமல் ரயிலில் போனவர்களை வெறும் கலாட்டாக்காரர்கள் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

ஜூலையில் அரசு கடைசியாக வாக்கெடுப்புக்கு வந்தது. மசோதாவை அறிமுகப்படுத்த அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

முடிந்ததா?

அனுமதி மறுத்ததன் அர்த்தம் என்னவென்றால், இதைப் பற்றி எங்களுக்கு எதிர்க்கருத்து இருக்கிறது என்றுகூட அவை சொல்லவில்லை, இதைப் பற்றிப் பேசவே மாட்டோம் என்றது. அப்போது வடக்கே, பிரிட்டன் ஆளும் வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்டும் டெரியும் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த சமயம். தெற்கில் எல்லாக் கட்சியும் ஒன்றுபட்ட அயர்லாந்து பேசும். அங்கே பத்து லட்சம் புராட்டஸ்டன்ட்கள் இருக்கிறார்கள், நம்மோடு வந்தால் உங்கள் உரிமைக்கு ஒரு குறையும் வராது என்று அவர்களுக்கு வாக்குக் கொடுப்பார்கள். இங்கே ஒரு சின்ன மசோதாவை அச்சடிக்கவே கைநடுங்குகிறது. ராபின்சன் அடுத்தடுத்த வருஷங்களில் விடாமல் சுட்டிக்காட்டிய முரண் இது. 1972 டிசம்பரில் அரசியலமைப்பிலிருந்து கத்தோலிக்கத் திருச்சபையின் சிறப்பு நிலை என்ற வாசகத்தைப் பொதுவாக்கெடுப்பில் எடுத்தே விட்டார்கள், 84 சதவீதம் ஆதரவோடு. வாசகம் போனது, 17ஆவது பிரிவு அப்படியே இருந்தது.

1973இல் ஆட்சி மாறியது, ஃபைன் கேல் கட்சியும் தொழிலாளர் கட்சியும் கூட்டணி. ராபின்சன் மறுபடி மசோதா கொண்டுவந்தார், இந்த முறை பெயரையே மாற்றி, குடும்பக் கட்டுப்பாட்டு மசோதா என்று. முதல் மசோதாவின் பெயரில் குற்றவியல் என்ற சொல் இருந்தது. இதில் குடும்பம் இருக்கிறது. கெட்டிக்காரத்தனம் என்று சொல்லலாம், பாடம் கற்றுக்கொண்டார் என்றும் சொல்லலாம். அந்த நவம்பரில் அச்சுக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு வருஷத்தில் அசைந்தது அவ்வளவுதான், ஆனால் அசைந்தது.

அடுத்த மாதமே நீதிமன்றம் இடி போட்டது. மெக்கீ வழக்கு. டப்ளினுக்கு வடக்கே ஸ்கெரிஸ் என்ற கடலோர ஊரில் ஒரு மீனவர் குடும்பம், நாலு பிள்ளைகள். இன்னொரு பிரசவம் என்றால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லி, கருத்தடை ஜெல்லி ஒன்றை எழுதிக் கொடுத்தார். நாட்டில் கிடைக்காது, ஆகவே இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்தார்கள். சுங்கத் துறை பொட்டலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. அந்தப் பெண் அரசு மேல் வழக்குப் போட்டார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார், 1973 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் 4க்கு 1 என்று ஜெயித்தார். தம்பதியின் அந்தரங்கத்தில் அரசுக்கு வேலை இல்லை, சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்வதைத் தடுக்க முடியாது என்றது தீர்ப்பு.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். அவையில் இத்தனை வருஷம் கத்தி ஒன்றும் ஆகவில்லை, ஒரு மீனவர் வீட்டுப் பெண் நீதிமன்றம் போனதும் கதவு திறந்தது, அப்புறம் செனட்டர் என்ன கிழித்தார்? இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆமாம், கதவைத் திறந்தது வழக்குதான். ஆனால் தீர்ப்பு திறந்தது பாதிக் கதவு. இறக்குமதித் தடை மட்டும் விழுந்தது, விற்பனைத் தடை நின்றது. ஆக இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைக்கலாம், பக்கத்து மருந்துக்கடையில் வாங்க முடியாது. மீதியைச் சட்டமன்றம்தான் செய்ய வேண்டும், நீதிமன்றம் செய்ய முடியாது. அந்த நேரத்தில் அவையின் மேசையில் ஏற்கெனவே அச்சடித்த மசோதா ஒன்று இருந்தது, அதுவும் தீர்ப்புக்கு முந்தின மாதமே வந்தது. 1974 பிப்ரவரியில் இரண்டாம் வாசிப்பு விவாதம். இந்த முறை செனட்டர்கள் அவையில் எழுந்து நின்று கருத்தடை என்ற சொல்லைச் சொல்லி, ஆதரவாகவோ எதிராகவோ, மணிக்கணக்காகப் பேசினார்கள்.

மசோதா நிறைவேறவில்லை. ஆனால் அரசு சும்மா இருக்க முடியாமல் தானே ஒரு மசோதா கொண்டுவந்தது, உரிமம் பெற்ற மருந்துக்கடைகளில் திருமணமானவர்களுக்கு மட்டும் விற்கலாம் என்று. 1974 ஜூலை 16, டாயிலில் வாக்கெடுப்பு. பிரதமர் லியம் காஸ்கிரேவ் தன் சொந்த அரசின் மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். படித்தது சரிதான், டீஷக் தன் அரசுக்கு எதிராக. அப்படிச் செய்யப்போகிறார் என்று சக அமைச்சர்களுக்கே தெரியாது. 75க்கு 61 என்று மசோதா செத்தது. உலக நாடாளுமன்ற வரலாற்றில் இதற்கு இணையான நகைச்சுவைக் காட்சி இருந்தால் சொல்லுங்கள்.

ராபின்சன் மூன்றாவது தடவையும் மசோதா போட்டார். அதுவும் போனது. அதற்குள் அவர் தொழிலாளர் கட்சியில் சேர்ந்திருந்தார், 1976இல். டாயிலுக்குப் போட்டியிட்டு 1977இலும் 1981இலும் தோற்றார். பெரிய தேர்தலில் ஜெயிக்கத் தெரியாத ஆள் என்று அப்போது பலர் நினைத்ததில் தப்பில்லை.

கடைசியில் சட்டம் வந்தது 1979இல், சுகாதார அமைச்சர் சார்லஸ் ஹாஹி கொண்டுவந்தது. ஐரிஷ் பிரச்சினைக்கு ஐரிஷ் தீர்வு என்று அவரே அதை வர்ணித்தார், அந்த வாசகம் இன்றுவரை அங்கே கேலிக்குப் பயன்படுகிறது. என்ன தீர்வு தெரியுமா? ஆணுறை வாங்க டாக்டர் சீட்டு வேண்டும். அதுவும் உண்மையான குடும்பக் கட்டுப்பாட்டு நோக்கத்துக்கு என்று டாக்டருக்குத் திருப்தி ஆக வேண்டும். ஒரு ரப்பர் பொருளுக்கு மருந்துச் சீட்டு. ஒரு டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்து அதை எழுதிக் கொடுக்கும் காட்சியை நினைத்தால் சிரிப்பு வரும், ஆனால் அந்த ஊரில் ஒரே ஒரு டாக்டர் இருந்து அவரும் பங்குச் சாமியாருக்கு வேண்டியவராக இருந்தால் சிரிப்பு வராது. ஆறு வருஷம் கழித்து, 1985இல்தான் 18 வயது ஆனவர்கள் சீட்டு இல்லாமல் வாங்கலாம் என்று திருத்தினார்கள். அந்த வாக்கெடுப்பில் கட்சிக்குக் கட்டுப்பட்டு எதிர்த்து வாக்களிக்க மறுத்துப் பேசிய டெஸ்மண்ட் ஓமாலியை ஃபியானா ஃபோயில் கட்சியை விட்டே நீக்கியது. 1971இல் மூன்று சுயேச்சைகள் தவிர யாரும் தொடாத விஷயம், 1985இல் ஒரு முன்னாள் அமைச்சர் தன் கட்சி வாழ்க்கையையே வைத்து ஆடும் விஷயமாகிவிட்டது. அந்த ஓமாலிதான் அதே வருஷக் கடைசியில் புதுக் கட்சி தொடங்கினார்.

கருத்தடை மட்டும்தான் அவர் பங்களிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1974இல் மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்த குழந்தைகளின் பராமரிப்புக்கும் சொத்துரிமைக்கும் ஒரு மசோதா கொண்டுவந்தார். சட்டம் வந்தது 1987இல். பெண்கள் தாமாக விண்ணப்பித்தால் ஒழிய ஜூரியில் சேர முடியாது என்ற விதியை உடைத்த வழக்கில் வழக்கறிஞராக இருந்தார். ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஏரி (Airey) என்ற பெண் 1979இல் ஜெயித்த வழக்கும் அவர் வாதாடியது. டப்ளினில் மண்ணுக்கடியில் கிடைத்த வைக்கிங் காலத்துக் குடியிருப்பின் மேல் மாநகராட்சி அலுவலகம் கட்டப் போனபோது அதைத் தடுக்கும் போராட்டத்தில் நின்றார், அலுவலகம் கட்டப்பட்டுவிட்டது. இதில் ஒரு முறை தெரிகிறது: அவையில் தோற்பதை நீதிமன்றத்துக்கு எடுத்துப்போவது, நீதிமன்றத்தில் ஜெயித்ததை அவைக்குக் கொண்டுவந்து இதோ தீர்ப்பு, இனி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பது. இரண்டு கையாலும் தாளம் போடுகிற மாதிரி. ஒரு கை மட்டும் என்றால் சத்தம் வந்திருக்காது.

குறை சொல்லவும் இருக்கிறது. அவர் பேச்சு வக்கீல் பேச்சு, பிரிவு எண்ணும் உட்பிரிவு எண்ணுமாக. பாலினாவில் எரிச்சலோடு கடிதம் எழுதியவரிடம் அந்த மொழி போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. அவர் அதற்குப் பெரிதாக மெனக்கெட்டதாகவும் தெரியவில்லை, குறைந்தது அந்த முதல் பத்து வருஷங்களில். நல்ல வாதத்தை ஒழுங்காக எடுத்து வைத்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்ற பேராசிரியர் நம்பிக்கை அவருக்கு இருந்தது, 1971இன் எதிர்ப்பு அவரை உண்மையிலேயே திகைக்க வைத்தது. கட்சி அரசியலிலும் அவர் கால் ஊன்றவில்லை. 1985இல் பிரிட்டனும் அயர்லாந்தும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வடக்கின் யூனியனிஸ்டுகளை, அதாவது பிரிட்டனோடேயே இருக்க வேண்டும் என்பவர்களை, கலந்துகொள்ளவே இல்லை என்று சொல்லித் தொழிலாளர் கட்சியிலிருந்து விலகினார், அந்தக் கட்சி அப்போது ஆட்சியில் இருந்தது. கொள்கை சரிதான். கட்சிக்காரர்கள் அதை மறக்க நாளானது.

அதேசமயம் அந்த வக்கீல் பிடிவாதத்தால் ஒரு பலனும் உண்டு. 1983இல் கருக்கலைப்புத் தடையை அரசியலமைப்பிலேயே எழுதும் எட்டாவது திருத்தம் வந்தபோது, தாயின் உயிருக்கும் சிசுவின் உயிருக்கும் சம உரிமை என்ற வாசகம் தெளிவில்லாதது, நாளைக்கு நீதிமன்றத்தில் சிக்கலாகும் என்று எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். திருத்தம் 66.9 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. அவர்கள் சொன்ன சிக்கல் 1992இல் சொன்னபடியே நீதிமன்றத்துக்கு வந்தது. 2018இல் ஏறக்குறைய அதே அளவு பெரும்பான்மையோடு மக்கள் அந்தத் திருத்தத்தை நீக்கினார்கள்.

1989இல், இருபது வருஷம் ஆனதும், செனட் போதும் என்று நிறுத்திக்கொண்டார். அடுத்த வருஷம் தொழிலாளர் கட்சியே தேடி வந்து குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கக் கேட்டது. ஜெயிப்பார் என்று ஆரம்பத்தில் பந்தயக்காரர்கள்கூட நம்பவில்லை. முதல் விருப்ப வாக்கில் ஃபியானா ஃபோயிலின் பிரையன் லெனிஹன்தான் முன்னால் இருந்தார், 44 சதவீதம், ராபின்சனுக்கு 39. மூன்றாவதாக வந்தவரின் வாக்குகள் பிரிந்து வந்ததும் கணக்கு மாறியது, ராபின்சன் 1990 டிசம்பர் 3ஆம் தேதி பதவியேற்றார்.

அயர்லாந்தில் குடியரசுத் தலைவருக்கு மசோதாவைப் பற்றிப் பேச உரிமை கிடையாது. இரு அவையும் நிறைவேற்றி அனுப்பினால், உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம், இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டும், வந்த ஐந்தாவது நாளுக்கு முன்னாலும் போடக்கூடாது, ஏழாவது நாளைத் தாண்டவும் கூடாது. 1993இல் சுகாதார அமைச்சர் பிரெண்டன் ஹவ்லின் கொண்டுவந்த திருத்த மசோதா, ஆணுறை விற்பனைக்கு இருந்த மிச்சக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டது. யாரும் எந்தக் கடையிலும், இயந்திரத்தில் காசு போட்டும், வாங்கலாம். அது அச்சாகி, இரண்டு அவையிலும் நிறைவேறி, மாளிகைக்கு வந்தது. ராபின்சன் ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.